பொத்தானுக்கும் திரைக்கும் நடுவே

கூடுவாஞ்சேரியில் நல்ல நாள் பார்த்துப் பத்திரம் பதிய வருகிறவர்கள் அதிகம். நந்திவரம், ஊரப்பாக்கம், காயரம்பேடு பக்கத்து மனைகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கிரயப் பத்திரத்தின் வரைவும், வில்லங்கச் சான்றும், பட்டா நகலும் ஏதோ ஒரு தட்டச்சுக் கடையின் கணினிக்குள் இருக்கும். முகூர்த்த நாள் காலை ஒன்பது மணிக்கு அந்தக் கணினி எழ மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடை நடத்தும் அம்மாள் பொத்தானை அழுத்துகிறார். விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை. ஜிஎஸ்டி சாலையிலிருந்து சர்வீஸ் பையன் வருகிறார்.

"அக்கா, நேத்து ராத்திரி கரண்ட் போச்சா?"

"போச்சு தம்பி. பதினொரு மணி இருக்கும். அதுக்கு முன்னாடி டியூப்லைட் பளீர்னு எரிஞ்சுது, ஃபேன் பயங்கரமா சுத்துச்சு. அப்புறம்தான் போச்சு."

"கம்ப்யூட்டர் சுவிட்சை ஆஃப் பண்ணீங்களா?"

"ஷட்டவுன் பண்ணிட்டு மாடிக்குப் போயிட்டேன்ப்பா. சுவத்து சுவிட்சை அணைக்கல."

அந்த இளைஞர் இன்னும் திருப்புளியைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் பழுதின் இடம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. நல்ல பழுதுநீக்குநர்கள் எல்லாரிடமும் இந்தக் குணம் உண்டு. எதையும் கழற்றும் முன் கேட்கிறார்கள், பார்க்கிறார்கள், காது கொடுக்கிறார்கள். மாறாக, "ஓஎஸ் போயிருச்சு, ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று தொடங்குகிறவர் கையில் கணினி பிழைத்துவிடும். பத்து வருடத்துக் கோப்புகளும் குடும்பப் படங்களும் பிழைக்கா. எழாத கணினிகளில் பலவற்றில் தரவு ஒரு எழுத்துக்கூடக் கெடாமல் இருக்கிறது என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுவதும் சொல்ல விரும்புகிறேன்.

"சிஸ்டம் ஆன் ஆகல" என்ற ஒரே புகாருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைகள் ஒளிந்திருக்கின்றன. எந்த அசைவும் இல்லாதது ஒன்று. விசிறி சுற்றியும் திரை இருண்டே இருப்பது இன்னொன்று. தயாரிப்பாளர் சின்னம் வந்து அங்கேயே நிற்பது மற்றொன்று. விண்டோஸ் பாதி ஏறி நீலத் திரையில் விழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி விழுவது வேறொன்று. செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயில் கூடுவாஞ்சேரிக்கு வரவில்லையென்றால் நாம் முதலில் கேட்பது, பொத்தேரியைத் தாண்டியதா என்பதைத்தான். தாண்டியிருந்தால் செங்கல்பட்டு, பரனூர், சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், காட்டாங்குளத்தூர் எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. கணினியின் தொடக்கமும் ஒரே தடத்தில், மாறாத வரிசையில் நடப்பது. கடைசியாக எந்த நிலையத்தைத் தாண்டியது என்று கண்டுபிடித்தால், அதற்கு முந்தைய அத்தனையும் நலம்.

முதல் நிலையம் மின்சாரம். நம் ஊரில் கணினிகள் அதிகம் நின்றுபோகும் இடமும் அதுதான் என்பது என் எண்ணம்.

அந்த அம்மாள் சொன்ன 'பளீர்' வெளிச்சத்துக்கு ஒரு காரணம் உண்டு. தெருவுக்கு வருவது மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு தளர்ந்து அறுந்துவிட்டால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஏசியும் மோட்டாரும் ஓடும் பக்கத்தில் விளக்கு மங்கும். சுமை குறைந்த பக்கத்தில் மின்னழுத்தம் 230-ஐத் தாண்டி எகிறும். இரவு பதினொரு மணிக்கு ஒரு விளக்கும் விசிறியும் மட்டும் ஓடும் கடையும் மாடியும் பெரும்பாலும் இந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் முதலில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்குகிறது. 230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் என்ற பயனுறு கணக்கு. அலையின் உச்சம் 325 வோல்ட். அதைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் 400 முதல் 450 வோல்ட் வரைதான் தாங்கும். நுழைவில் 400 வோல்ட் வந்தால் உச்சம் 565-ஐத் தொடும். அந்த நொடியில் வாசலில் இருக்கும் வேரிஸ்டர் என்ற சிறு வில்லை குறுக்கே விழுந்து மின்சாரத்தைத் தன்வழியே பாயவிடுகிறது. ஃப்யூஸ் எரிகிறது, கணினி செத்ததுபோல் கிடக்கிறது. ஆனால் மதர்போர்டும் வட்டும் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. கருகிய நாற்றம் எஸ்எம்பிஎஸ் பக்கம் மட்டும் வந்தால் அது ஆறுதலான செய்தி. பழைய எஸ்எம்பிஎஸ்களின் முதுகில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கும். துடைக்கும்போது கை பட்டு அது 115 பக்கம் போய்விட்டால், உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சுற்று இயங்கி 650 வோல்ட் வரும். தெரு மின்சாரத்தில் எந்தக் குறையும் இல்லாமலே அது வெடிக்கும்.

ஷட்டவுன் செய்த கணினி முழுதாக அணைவதில்லை. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்பில், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை ஊதா நிறக் கம்பியில் 5 வோல்ட் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தை நேராகத் திறப்பதில்லை. அது மதர்போர்டுக்குச் சொல்கிறது, மதர்போர்டு பச்சைக் கம்பியைத் தரையோடு இணைக்கிறது, அதன் பிறகே 12, 5, 3.3 வோல்ட் பாதைகள் உயிர்பெறுகின்றன. இரவும் பகலும் ஓயாத அந்த ஊதாக் கம்பியின் சிறு சுற்றுதான் பல எஸ்எம்பிஎஸ்களில் முதலில் முதுமையடைகிறது. பல்லியும் எறும்பும் இளஞ்சூட்டைத் தேடி உள்ளே போய்க் குறுக்குச் சுற்று ஏற்படுத்துவதும் இங்கேதான். சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் ஒன்று போதும், இவற்றில் பாதி நடக்காது.

சோதிப்பது எளிது. எஸ்எம்பிஎஸ் கம்பிகளை மதர்போர்டிலிருந்தும் வட்டுகளிலிருந்தும் கழற்றிவிட்டு, பெரிய இணைப்பானின் பச்சைத் துளையையும் ஏதாவது ஒரு கறுப்புத் துளையையும் சிறு கம்பியால் இணைத்தால் அது தனியாக ஓட வேண்டும். விசிறி சுற்றுவதை மட்டும் நம்பக்கூடாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் பாதை 11.4-க்கும் 12.6-க்கும் இடையே, 5 வோல்ட் பாதை 4.75-க்கும் 5.25-க்கும் இடையே காட்ட வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தை வைத்திருக்கும்.

கெப்பாசிட்டர் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் கணினியின் ஆயுளை நம் வெயில் எப்படித் தின்கிறது என்பது அதில்தான் தெரிகிறது. மின்பகு கெப்பாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல வற்றுகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் நம்பிக் கணக்கிடும் விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று முத்திரையிட்ட ஒன்று 55 டிகிரியில் 64,000 மணி நேரம், அதாவது ஓயாமல் ஓடினாலும் ஏழு வருடம் தாங்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம்தான், நாலு வருடம்கூட இல்லை. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, தூசி அடைத்த விசிறியோடு, சுவரை ஒட்டி வைத்த கேபினெட்டுக்குள் அந்தப் பத்து டிகிரி தானாக வந்துவிடும்.

சில சமயம் குற்றம் வெயிலுடையது அல்ல. 1999 முதல் 2000-களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உச்சி புடைத்துக் கசிந்தன. திரவத்தின் கலவை தவறியதால் உள்ளே இருந்த அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியது. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்து மாற்றிக்கொடுக்க 2005-இல் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. பழைய மதர்போர்டைத் திறந்தால் முதலில் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது, குடை விரித்ததுபோல் புடைத்திருந்தால் மேற்கொண்டு தேடத் தேவையில்லை.

மின்சாரம் வந்துவிட்டது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. இப்போது ரயில் எங்கே நிற்கிறது?

பொத்தானை அழுத்தியதும் பிராசசர் உடனே வேலை தொடங்குவதில்லை. எல்லா மின்னழுத்தங்களும் நிலைபெற்ற பின், பத்தில் ஒரு நொடியிலிருந்து அரை நொடிக்குள், எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிறக் கம்பியில் 'சரி' என்று ஒரு சமிக்ஞை தருகிறது. அதுவரை பிராசசர் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. கட்டு அவிழ்ந்ததும், எதுவும் தெரியாத அந்தப் பிராசசர் ஒரே ஒரு முகவரியை மட்டும் தேடிப் போகிறது: 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. 80386 காலத்திலிருந்து இன்டெல் வழிப் பிராசசர்களின் பிறவிக் குணம் இது. அந்த இடத்தில், கணினியை எழுப்பும் நிரலான பயாஸைத் தாங்கிய சில்லின் முதல் கட்டளை காத்திருக்கிறது.

இங்கே ஒரு அழகான சிக்கல் இருக்கிறது. நிரல் ஓட நினைவகம் வேண்டும். ஆனால் ரேம் இன்னும் தயாராகவில்லை. ரேமைத் தயார்செய்வதும் ஒரு நிரலின் வேலைதான். இன்றைய பயாஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகத்தைத் தற்காலிகமாக ரேம்போலப் பயன்படுத்திக்கொண்டு, ரேமின் ஒவ்வொரு கம்பியிலும் சமிக்ஞை எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்று அளந்து, நேரத்தைச் சரிசெய்து, பிறகு ரேமுக்குக் குடிபெயர்கிறது. டிடிஆர்4 ரேமுக்கு 288 தொடுமுனைகள். அவற்றில் முக்கியமான ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும் இந்த அளவீடு முடியாமல் பயாஸ் அங்கேயே நின்றுவிடலாம். ரேம் இல்லாமல் திரையில் எழுதக்கூட அதற்கு வழியில்லை. அதனால்தான் 1981-இல் வந்த ஐபிஎம் பிசி முதலே பயாஸ் தன் துயரத்தைப் 'பீப்' ஒலியால் சொல்கிறது. ஒலிகளின் பொருள் பயாஸுக்குப் பயாஸ் மாறும். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் பல பயாஸ்களில் கிராபிக்ஸ் கார்டைக் குறிக்கும். விடாமல் திரும்பத் திரும்ப அடித்தால் பெரும்பாலும் ரேம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இந்த இடத்தில்தான் வருகிறது. எந்த ஒலியும் இல்லாமல் திரை இருண்டிருந்தால், கணினியை அணைத்து, ரேம் அத்தனையையும் வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். ஸ்பீக்கர் உள்ள மதர்போர்டு ரேம் இல்லை என்று அலற வேண்டும். அலறினால் அந்த ஒரே ஒலியில் எஸ்எம்பிஎஸ் நலம், பிராசசர் நலம், பயாஸ் சில்லு நலம் என்ற நல்ல செய்திகள் சேர்ந்து வருகின்றன. பழுது ரேமிலோ அதன் பள்ளத்திலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அப்போதும் மௌனம் என்றால் மதர்போர்டையும் பிராசசரையும் நோக்கித் திரும்ப வேண்டியதுதான். ஒரு பாகத்தை எடுத்துவிட்டுக் கணினி என்ன சொல்கிறது என்று கேட்பது, புதுப் பாகம் ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பதைவிடச் செலவில்லாதது, தெளிவானது.

ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்க விளிம்பைத் தேய்த்துத் திரும்பப் போடுவது தமிழ்நாட்டுக் கணினிக் கடைகளின் கைவைத்தியம். அது பலிக்கிறது, காரணத்தோடுதான் பலிக்கிறது. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. நுண்துளைகள் வழியே அடியிலிருக்கும் நிக்கலையும் செம்பையும் ஈரம் அடைகிறது. கணினி சூடாகிக் குளிரும்போதெல்லாம் தொடுமுனைகள் மயிரிழையளவு உரசி நகர்ந்து, மெல்லிய அழுக்குப் படலம் உருவாகிறது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள கரையில் இது இன்னும் வேகமாக நடக்கும். உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கரையோர இரவுகளில் அந்த எல்லை சாதாரணமாகத் தாண்டப்படுகிறது. தூசியில் ஒட்டிய உப்பு இரவில் கரைசலாகி உலோகத்தை அரிக்கும், பகலில் காய்ந்து படலமாகும். ஆனால் ரப்பர் தேய்த்தெடுப்பது அழுக்கை மட்டுமல்ல, கொஞ்சம் தங்கத்தையும்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடைப்பது மேல்.

அடுத்த நிலையத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி இருக்கிறது, 3 வோல்ட். அது தீர்ந்தால் கணினியின் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பும், பயாஸ் அமைப்புகள் மறந்துபோகும், எந்த வட்டிலிருந்து எந்த முறையில் தொடங்குவது என்ற குறிப்பும் அவற்றோடு போகும். 'பூட் டிவைஸ் இல்லை' என்று திரை சொல்லும். வட்டு செத்துவிட்டதாக நினைத்துப் புது வட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தாலே போதும்.

பயாஸ் தன் வேலையை முடித்ததும் பொறுப்பை வட்டுக்குக் கைமாற்றுகிறது. பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்களைப் படித்து, அவற்றின் கடைசி இரண்டு எண்கள் 85, 170 என்று இருக்கின்றனவா என்று பார்க்கும். இருந்தால் முதல் 446 பைட் நிரலிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்ளும். இன்றைய யுஇஎஃப்ஐ முறையில் வட்டின் ஒரு சிறு தனிப் பகுதியில் உள்ள கோப்பைத் தேடிப் பிடித்து இயக்கும். இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சிறு பகுதி கெட்டாலும் உங்கள் கோப்புகள் வேறிடத்தில் அப்படியே இருக்கின்றன. கதவின் பூட்டு கெட்டதற்காக வீட்டை இடிப்பதுதான் ஃபார்மேட்.

உலகம் முழுவதும் கணினிகள் ஒரே நாளில் எழாமல் போன இரண்டு சம்பவங்களை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி, தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் விழித்துக்கொண்டது. செர்னோபில் விபத்தின் நினைவு நாள் அது. வைரஸ் வட்டின் முதல் ஒரு மெகாபைட்டை அழித்தது. சில வகை மதர்போர்டுகளில் பயாஸ் சில்லையே அழித்தது. கொரியாவும் துருக்கியும் இந்தியாவும் பெரும் பாதிப்பைச் சந்தித்தன. பயாஸ் அழிந்த கணினியில் பிராசசர் அந்த ஒற்றை முகவரிக்குப் போகும், அங்கே கட்டளை இருக்காது. விசிறி சுற்றும், திரை இருளும், பீப்கூட வராது. சில்லைக் கழற்றி வேறு கருவியில் வைத்து மறுபடி எழுதினால்தான் மீட்சி.

2024 ஜூலை 19 அன்று நடந்தது தடத்தின் மறுகோடியில். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பில் பிழை. மென்பொருளுக்கு வந்து சேர்ந்த விவரங்கள் 20, அது தேடியது 21. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப்போய் விண்டோஸ் விழுந்தது. எழும்போதெல்லாம் அதே கோப்பை மறுபடி ஏற்றியதால் மறுபடி விழுந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் ஜிஎஸ்டி சாலை ஓரத்துச் சென்னை விமான நிலையத்திலும் பயணிகள் வரிசையில் தவித்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுவனம் பிழையைத் திரும்பப் பெற்றது. ஆனால் விழுந்த கணினி எழுந்தால்தானே திருத்தத்தைப் பெற முடியும்? ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் நேரில் சென்று சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒற்றைக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பயாஸ், ரேம், வட்டு, தரவு என எதிலும் குறையில்லை. ஒரு கோப்பு நீங்கியதும் எல்லாம் பழையபடி ஓடின. அந்த வாரம் யாராவது பதறிப்போய் ஃபார்மேட் செய்திருந்தால், நலமான தரவைத்தான் அழித்திருப்பார்.

ஆகவே சின்னம் வந்து நிற்கும் கணினியில் முதல் வேலை நகல் எடுப்பது. லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இதற்கு உதவும். வட்டைத் தொடாமலே அது ரேமில் ஓடும். உள்ளே கோப்புகள் தெரிந்தால் வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டு, பிறகு சேஃப் மோடு, ஸ்டார்ட்டப் ரிப்பேர் என்று நிதானமாகப் போகலாம். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அதைக் கணினி நலமாக இருக்கும்போதே தாளில் எழுதி வைக்க வேண்டும். வட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒரே சீரான ஓசை வந்தால் எந்த முயற்சியும் வேண்டாம், அணைத்துவிடுங்கள். படிக்கும் தலை இடம் தெரியாமல் அலைகிறது. ஒவ்வொரு சுழற்சியும் தட்டைக் கீறலாம்.

வெள்ளத்தில் நனைந்த கணினிக்கு இந்த வரிசை பொருந்தாது. 2015 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியின் தாழ்வான நகர்களில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம், கணினி வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்த்தது. நனைந்த மதர்போர்டை வெள்ள நீர் மட்டும் உடனே கொல்வதில்லை. அந்த ஈரத்தில் மின்சாரம் ஓடினால்தான் செம்பு கரைந்து அருகிலுள்ள கம்பியை நோக்கி இழையாக வளர்ந்து குறுக்குச் சுற்றாகிறது. எனவே பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டின் நாணயப் பேட்டரியையும் உடனே எடுத்துவிட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழித்துவிட்டு, மதர்போர்டைச் சுத்தமான நீரில் சேறு போகக் கழுவி, ஆல்கஹாலால் அலசி, நிழலில் பல நாள் உலர்த்தி எழுப்பலாம். சுழலும் வட்டை மட்டும் தனியாக வையுங்கள். ஹீலியம் நிரப்பிய வகைகளைத் தவிர மற்றவற்றின் மூடியில் காற்றழுத்தம் சமன்பட ஒரு நுண்துளை உண்டு, வெள்ள நீர் அதன் வழியே போயிருக்கும். அதைத் திறக்கவும் கூடாது, மின்சாரம் கொடுக்கவும் கூடாது. உள்ளே காய்ந்தால் சேறு தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் வெயிலிலும் வைக்கக்கூடாது. ஈரம் காயாமல் நெகிழிப் பையில் போட்டு மூடி, தரவு மீட்பு ஆய்வகத்துக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.